கியரைக் கழற்ற மூன்று வழி: உப்புக்காற்று ஊருக்கு எது சரி?

ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் எங்கள் மண்டபம் ஊரில் கியர் சைக்கிள் வாங்கினால் முதல் வருடம் நாம் சொன்னபடி கியர் மாறும். இரண்டாம் வருடம் அதுவாக மாறும். மூன்றாம் வருடம் மாறவே மாறாது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் நாம். கேபிள் உறைக்குள் துரு ஏறி இறுகிவிடும். கியர் மாற்றச் செயினைத் தள்ளிவிடும், பின்னால் தொங்கும் டிரெய்லியரின் ஸ்பிரிங்கும் குட்டிச் சக்கரங்களும் மணலும் உப்பும் சேர்ந்து முனகும். என் 21 கியர் வண்டியில் கடைசியில் வேலை செய்தது ஒரே ஒரு கியர். அப்படியானால் முறைப்படியே ஒரு கியராக மாற்றிவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் பின்சக்கரத்தைக் கழற்றி, பற்சக்கர அடுக்கைப் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். நடுவில் கருவி மாட்டும் பள்ளமும் கூடவே சுற்றினால் அது சக்கர நடுவில் செருகி வைத்த கேசட். அது அசையாமல் பற்கள் மட்டும் சுற்றினால் மரையில் முறுக்கி ஏற்றிய ஃப்ரீவீல். பின்னால் ஆறு, ஏழு பற்சக்கரம் உள்ள விலை குறைந்த வண்டிகளில் பெரும்பாலும் ஃப்ரீவீல்தான். எந்த வழியில் போகலாம் என்பதை இதுதான் பாதி முடிவு செய்கிறது.

முதல் வழி, சோம்பேறி வழி. எதையும் மாற்றாமல் கியர் கேபிளை மட்டும் உருவி எறிவது. கேபிள் இல்லாவிட்டால் டிரெய்லியர் தானாகவே மிகச் சிறிய பற்சக்கரத்துக்கு ஓடிவிடும். அதிலுள்ள இரண்டு திருகுகளில் ‘எச்’ என்று குறித்ததை இறுக்கினால் ஒன்றிரண்டு பற்சக்கரம் உள்ளே தள்ளி நிறுத்தலாம். முன்னால் நடுச்சக்கரம், பின்னால் வெளியிலிருந்து இரண்டாவது பற்சக்கரம்: செயின் ஓரளவு நேராக ஓடும். காசு செலவில்லை. ஆனால் துருப்பிடிக்கிற சாமான் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். நான் நான்கு மாதம் இப்படி ஓட்டினேன். பாதி விடுதலைதான்.

இரண்டாவது, கேசட் வண்டிக்கானது. அடுக்கைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு பற்சக்கரத்தையும் இருபுறமும் வளையங்களையும் கோப்பது. வளையத்தை இடம் மாற்றி மாற்றிச் செயினை நூல் பிடித்த மாதிரி நேராக்கலாம். இந்த மூன்றில் சுத்தமான வேலை இதுதான். பழைய அடுக்கிலிருந்து ஒரு பற்சக்கரத்தை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். கியர் மாற வசதியாக அதன் பற்களைக் குட்டையாகவும் சாய்த்தும் வெட்டியிருப்பார்கள், செயின் நழுவும். முழுப் பல் உள்ளதாக வாங்க வேண்டும். நம் பக்கத்துக் கடைகளில் அது கிடைக்காது, ஆன்லைனில் சொல்லிக் காத்திருக்க வேண்டும். உள்ளே அடுக்கைத் தாங்கிச் சுழலும் ஃப்ரீஹப் உப்பில் இறுகினாலும் அதே காத்திருப்பு.

மூன்றாவதுதான் நான் கடைசியில் செய்தது. பல அடுக்கு ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு, சாதாரண சைக்கிளுக்குப் போடும் ஒற்றை ஃப்ரீவீலை அதே மரையில் ஏற்றுவது. மரை அளவு பொதுவாக ஒன்றேதான்.

ஏற்றுவது சுலபம், கழற்றுவதுதான் பாடு. ஒவ்வொரு மிதியும் ஃப்ரீவீலை இன்னும் இறுக்கியபடியே இருக்கும், மூன்று வருட மிதி அதில் ஏறியிருக்கிறது. கடைக்காரர் இரவு முழுக்க மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். மறுநாள் ஸ்பேனரை எடுப்பார் என்று பார்த்தால், கருவியை வைஸில் கவ்வவைத்து, அதன்மேல் சக்கரத்தையே கவிழ்த்து மாட்டி, “தம்பி, அந்தப் பக்கம் பிடி” என்றார். இருவரும் பஸ் ஸ்டியரிங் மாதிரி ரிம்மைத் திருப்பினோம். டப்பென்று ஒரு சத்தம், வந்துவிட்டது.

ஒற்றை ஃப்ரீவீல் உட்காரும் இடம் சக்கரத்தை ஒட்டியே இருப்பதால் செயின் உள்பக்கம் சாயும். அச்சின் வலப்பக்கத்து வளையத்தை இடப்பக்கம் மாற்றி, கம்பிகளை இழுத்து ரிம்மை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கோட்டம் எடுக்கத் தெரிந்தவருக்கு இது அரைமணி நேர வேலை. இருபக்கக் கம்பிகளும் ஏறக்குறைய சமமாக இழுபடுவதால் சக்கரம் முன்பைவிடப் பலமாகும். இந்த லாபத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு சிக்கல் பாக்கி: செயின் தொய்வு. உங்கள் டிரெய்லியர் அச்சோடு சேர்த்து முடுக்கிய தனித் தகட்டில் தொங்கினால், பின்சக்கரம் மாட்டும் பிளவு பெரும்பாலும் கிடையாக இருக்கும். தகட்டை எறிந்துவிட்டுச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து முடுக்கினால் முடிந்தது. பிளவு செங்குத்தாக இருந்தால் சக்கரத்தை நகர்த்த முடியாது. செயினை இழுத்துப் பிடிக்கத் தனியாக டென்ஷனர் வேண்டும், அல்லது பழைய டிரெய்லியரையே அதற்கு வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வண்டிக்கு இவ்வளவு பாடுபடுவதைவிட முதல் வழியே போதும் என்பேன்.

இனி பல் கணக்கு. நமக்கு மலை கிடையாது, காற்றுதான் மலை. ஆடியில் ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும்போது கச்சான் என்கிற மேல்காற்று நெஞ்சில் அடிக்கும், மார்கழியில் போகும்போதே வாடை எதிர்த்துத் தள்ளும். 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் நடுவில் உயர்ந்திருக்கும், அங்கே ஏற்றமும் காற்றும் சேர்ந்துகொள்ளும். முன்னால் 42, பின்னால் 16 பல் வைத்தால் 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்று மிதிக்குச் சுமார் 5.4 மீட்டர் போகும். பாலத்தில் முழங்கால் கெஞ்சும். 34-க்கு 16 வைத்தால் 4.4 மீட்டர். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 18 கிலோமீட்டர் வருகிறது, மீன் வாங்கப் போக இது போதாதா? தனுஷ்கோடி சாலையில் பின்காற்று கிடைக்கும் நாளில் கால் சும்மா சுழலும், அப்போது பழைய கியர் ஞாபகம் வரத்தான் செய்யும். கேரியரில் ஐஸ் பெட்டி கட்டுகிறவர் 18 பல்லே போடலாம்.

இந்த ஒற்றை ஃப்ரீவீலும் உப்பில் இறுகும், மறுக்கவில்லை. இறுகினால் தெருமுனைக் கடையில் புதிது தொங்குகிறது, அன்று சாயங்காலமே வண்டி ஓடும்.