காறை எலும்பு மூட்டு விலகல்: ஹூக் பிளேட்டா, பட்டனா?

செம்பனைத் தோட்டத்துச் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, தோள் முனை நேராகத் தரையில் இடித்தால், காறை எலும்பும் தோள்பட்டை எலும்பும் சேரும் அந்தச் சின்ன மூட்டு விலகிவிடும். மேல்கை எலும்பு குழியை விட்டு நழுவுவது வேறு, இது வேறு. இதில் காறை எலும்பின் வெளி முனை தோலுக்கடியில் மேடாகத் தெரியும். அழுத்தினால் ஆர்மோனியக் கட்டை போல இறங்கும், விட்டதும் எழும்பும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பிசியோதெரபி பார்க்கும் எனக்கு, முதல் இரண்டு வாரத்தை எண்ணெய் போட்டு நீவுவதிலேயே கழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது. எலும்பைக் கீழே பிடித்துவைக்கும் தசைநார்கள் அறுந்திருந்தால், எந்த நீவலும் அதை உட்காரவைக்காது.

எல்லாருக்கும் ஆபரேஷன் வேண்டுமா? வேண்டாம். எலும்பு எவ்வளவு, எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பதை வைத்து, ராக்வுட் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவரின் பெயரால் இதை 6 வகையாகப் பிரிக்கிறார்கள். 1, 2 என்றால் கைத்தூளி, வலி மாத்திரை, பயிற்சி போதும். 4, 5, 6 என்றால் பெரும்பாலும் ஆபரேஷன்தான். சண்டையெல்லாம் 3-ஆம் வகையில். கனடாவில் ஹூக் பிளேட் என்ற கொக்கித் தகடு போட்டவர்களையும் ஆபரேஷன் இல்லாமல் விட்டவர்களையும் ஒப்பிட்டு 2015-இல் வெளியான ஆய்வில், முதல் மூன்று மாதம் ஆபரேஷன் செய்யாதவர்களே கையை நன்றாகப் பயன்படுத்தினார்கள். ஆறு மாதத்துக்கு அப்புறம் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. எக்ஸ்ரேயில் மட்டும் பிளேட் போட்டவர்களின் எலும்பு நேராக இருந்தது. அதனால் 3-ஆம் வகைக்கு முதலில் பயிற்சி, மூன்று மாதத்துக்குப் பிறகும் வலியும் பலவீனமும் விடாவிட்டால் ஆபரேஷன் என்பதே என் பக்கம். மேடு அப்படியே நிற்கும். சட்டைக்குள் மறைந்துவிடும் மேட்டுக்காகக் கத்தி வைக்கத் தேவையில்லை.

சரி, ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. அடிபட்டு மூன்று வாரத்துக்குள் செய்தால் அறுந்த தசைநார் தானே ஒட்டிக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. இப்போது முக்கியமாக இரண்டு வழி.

ஹூக் பிளேட் என்பது கொக்கி வைத்த தகடு. தகடு காறை எலும்பின் மேல் திருகாணியால் இறுகும், கொக்கி தோள்பட்டையின் மேல்முனைக்கு அடியில் நுழைந்து நெம்பிப் பிடிக்கும். பிடிப்பு உறுதியானது, எலும்பு முறிவு பார்க்கும் மருத்துவர்களுக்குக் கை பழகிய வேலை. ஆனால் அந்தக் கொக்கி இருக்கும் இடம் கையைத் தூக்கும்போது தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) நழுவி ஓட வேண்டிய இடம். செம்பனைக் குலை வெட்டுகிறவரை நினைத்துப் பாருங்கள். அண்ணாந்து, இரண்டு கையும் தலைக்கு மேல், நீண்ட கம்பின் நுனியில் அரிவாள்; இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் தோளில்தான் இறங்கும். கொக்கி உள்ளே இருக்கும்வரை அந்த வேலை ஆகாது. கையைத் தோள் மட்டத்துக்கு மேல் தூக்கவே விடமாட்டார்கள். வழக்கமாக மூன்று நான்கு மாதத்தில் இரண்டாவது ஆபரேஷன் செய்து தகட்டை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் கொக்கி எலும்பை அடியிலிருந்து அரித்துக்கொண்டே போகும். எனக்குக் கவலை இங்கேதான். வலி குறைந்ததும் வேலைக்குப் போய்விடுகிறார்கள், ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தேதியைத் தள்ளிப்போடுகிறார்கள்.

பட்டன் முறையில், டைட்ரோப் என்ற பெயரில் பலர் கேட்டிருப்பார்கள், காறை எலும்பிலும் அதற்குக் கீழே முன்பக்கம் நீட்டியிருக்கும் கோரகாய்டு எலும்பிலும் துளையிட்டு, இரு முனையிலும் சின்ன உலோக பட்டன் வைத்து, நடுவே உறுதியான நூலால் இழுத்துக் கட்டுகிறார்கள். தோலில் சிறு துளை வழியாகவும் செய்யலாம், சின்னக் கீறலிலும் செய்யலாம். எடுக்க வேண்டியதில்லை, தோளுக்குள் தடையும் இல்லை. குறை இல்லாமல் இல்லை. துளை தவறினால் கோரகாய்டு உடையும், சிலருக்கு நூல் தளர்ந்து எலும்பு கொஞ்சம் மேலேறும். செய்கிறவரின் அனுபவத்தை நம்பித்தான் இந்த முறை நிற்கிறது.

கம்பி குத்தி நிறுத்தும் பழைய முறையை யாராவது சொன்னால் யோசியுங்கள். கம்பி நகர்ந்து நெஞ்சுக்குள் போன சம்பவங்கள் மருத்துவ உலகில் பதிவாகியிருக்கின்றன. மாதக்கணக்கில் விட்டுவிட்ட மூட்டுக்கு பட்டன் மட்டும் போதாது; பெரும்பாலும் தொடையிலிருந்து தசைநாண் எடுத்துக் கட்ட வேண்டியிருக்கும்.

மேலே கை தூக்கி உழைக்கிறவருக்கு, நல்ல அனுபவமுள்ள மருத்துவர் கிடைத்தால் பட்டன்தான் என் தேர்வு. பெரிய நகரமான ஈப்போவுக்குப் போய்க் கேட்பதற்கும் அது தகுதியான காரணம். அனுபவம் ஹூக் பிளேட்டில்தான் என்று மருத்துவர் சொன்னால் அதையே ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் தகடு எடுக்கும் தேதியை வீடு திரும்பும் அன்றே எழுதி வாங்குங்கள்.

இரண்டிலும் கனமான வேலைக்குக் குறைந்தது மூன்று மாதம் தடை உண்டு. வேலையிலோ வேலைக்குப் போய் வரும் வழியிலோ விழுந்திருந்தால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) பதியுங்கள். எம்.சி. (மருத்துவ விடுப்பு) 4 நாளாவது இருந்தால் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். தகடு எடுக்கும்போது வரும் எம்.சி.யைப் பற்றியும் அப்போதே கேட்டு வையுங்கள்.