வத்தல்மலைக் கூடார முகாமில் நாயுடன் இரண்டு இரவுகள்

அக்னி நட்சத்திரம் தொடங்கிய அடுத்த வாரத்தில், தருமபுரி வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டுத் தரையோடு தரையாகக் கிடந்த எங்கள் சிப்பிப்பாறை நாய் செவலையை அழைத்துக்கொண்டு, வத்தல்மலையில் உள்ள ஒரு தனியார் கூடார முகாமில் இரண்டு இரவுகள் தங்கினோம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். ஆனால் அங்குள்ள காட்டின் பெரும்பகுதி 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானை நடமாடும் அந்தக் காட்டில் வனத்துறை அனுமதியின்றிக் கூடாரம் அடிக்க முடியாது, நாயோடு போவதும் முறையல்ல. வத்தல்மலை முகாம் பட்டா நிலத்தில், காபித் தோட்டத்தை ஒட்டி இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவுதான் என்றாலும், அடிவாரத்தைத் தாண்டியதும் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் வருகின்றன. விடியற்காலையிலிருந்து செவலைக்குத் தண்ணீரைத் தவிர எதுவும் கொடுக்கவில்லை. அப்படியிருந்தும் பாதி மலையில் வாந்தி எடுத்தது. இரண்டு இடங்களில் வண்டியை நிறுத்தி இறக்கி நடக்கவிட்ட பிறகே தெளிந்தது.

முகாமில் சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் ஐந்து கூடாரங்கள் இருக்கின்றன. கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்கு மேல் உள்ள இடமாயிற்றே, வெயில் என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்கள், நண்பகலில் கூடாரத்துக்குள் ஒருமுறை தலையை நீட்டிப் பார்க்க வேண்டும். காற்று எவ்வளவு குளிர்ந்திருந்தாலும், நேர் வெயில் படும் நைலான் துணிக்குள் புழுக்கம் அடைத்துக்கொள்கிறது. நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை, பெரும்பாலும் மூச்சிரைப்பதன் மூலமே அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்பதால், பகலில் அதைக் கூடாரத்துக்குள் அடைத்து வைப்பது ஆபத்து. ஐந்தில் மூன்றாவது கூடாரம் மட்டும் ஒரு பெரிய பலா மரத்தடியில் இருப்பதால் மாலை வரை நிழல் விலகுவதில்லை. கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான். தரை கல்லில்லாத செம்மண், பக்கத்திலேயே மாடுகளுக்கான கல்தொட்டி. பாதத்துக்கும் தாகத்துக்கும் குறை இல்லை.

பெரிய குறை வேலி. முன்பதிவின்போது தொலைபேசியில் "சுத்தி வேலி இருக்கு சார்" என்றார்கள். மேல்புறம் மூன்று பக்கமும் கம்பி வேலி இருக்கிறது. தோட்டத்தை ஒட்டிய கீழ்ப்பக்கத்தில் வெட்டிப்போட்ட முள்ளைத் தவிர ஒன்றுமில்லை. சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட இனம். கண்ணில் ஓடும் உயிர் பட்டுவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வீண் வேலை. முதல் நாள் மாலையே பக்கத்து வீட்டுக் கோழி ஒன்றைத் துரத்தியதில் என் உள்ளங்கை கயிற்றில் உரசித் தோலுரிந்தது. கோழி கூரையேறித் தப்பியது. அதன் பிறகு இரண்டு மரங்களுக்கு இடையே நீளக் கயிறு கட்டி, அதில் சங்கிலியை ஓடவிட்டோம். நாய்க்குத் தனியாக 300 ரூபாய் என்பதையும் அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். தொகை பெரிதல்ல, முன்பே சொல்லியிருக்கலாம்.

முகாமைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. "ராத்திரியில நாயை வெளிய கட்டாதீங்க தம்பி, சத்தம் கேட்டா அது பாட்டுக்கு அத்துக்கிட்டு ஓடும்" என்று எச்சரித்ததோடு, ஒட்டிய உடலும் குட்டை முடியும் கொண்ட செவலை நடுங்குவதைக் கண்டு, கேட்காமலே இரண்டு கோணிச் சாக்குகளைக் கொண்டுவந்து கொடுத்தார். மே மாதத்திலும் அங்கே பின்னிரவில் போர்வை தேவைப்படுகிறது. இரவுச் சாப்பாடாக வந்த கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் எங்களுக்கு நிறைவாக இருந்தன. வெங்காயம் நாய்க்கு ஆகாது என்பதால் செவலைக்குக் குழம்பு ஊற்றாமல், வேகவைத்த முட்டையும் களியும் மட்டும் கொடுத்தோம்.

முகாமில் பாட்டுப்பெட்டிக்கு அனுமதி இல்லை, அந்த விதியை உண்மையாகவே நடைமுறைப்படுத்துகிறார்கள். இரண்டாம் நாள் இரவு கோடை மழை பெய்தபோது, துணியில் விழுந்த துளிச் சத்தத்துக்குச் செவலை காதை மட்டும் அசைத்துவிட்டுத் தூங்கிவிட்டது.

போக நினைப்பவர்கள் புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே உண்ணி மருந்து போட்டுவிடுவது நல்லது. நாங்கள் போட்டிருந்தும், மாடு மேயும் வரப்போரம் நடந்து வந்த பிறகு செவலையின் காது மடலிலிருந்து நான்கு உண்ணிகளை எடுத்தோம். உண்ணிக் காய்ச்சல் இரவில் முற்றினால் அத்தனை வளைவுகளையும் கடந்து தருமபுரிக்கு இறங்க வேண்டியிருக்கும். கைவசம் இருக்கிறதே என்று மனிதர்களுக்கான பாராசிட்டமாலைக் கொடுத்துவிடக் கூடாது. அது நாய்க்கு நஞ்சு. காபி அறுவடை நடக்கும் குளிர்காலத்தில் போவதானால், களத்தில் காயும் கொட்டைகளை நாய் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் காபியில் உள்ள கஃபீனும் அதற்கு ஆகாது.

செப்டம்பருக்கு மூன்றாவது கூடாரத்தைச் சொல்லி வைத்திருக்கிறோம். கீழ்ப்பக்க வேலி என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "போட்டுரலாம் சார்" என்றார்கள். எதற்கும் கயிற்றை எடுத்து வைத்திருக்கிறேன்.