சிசிஎன்ஏ (சிஸ்கோ கொம்பனியின்ர நெட்வேர்க் சோதினை) கைட் வாங்கப் போற ஆக்களுக்கு

யாழ்ப்பாண டவுனுக்க ஒரு கடையில விலை குறைவெண்டு ஒரு பழைய கைட் எடுத்தனான், வீட்ட கொண்டுவந்து பிரிச்சுப் பாத்தால் அது 200-125 சோதினைக்கான புத்தகம், அந்தச் சோதினை 2020 பெப்ரவரியோட முடிஞ்சுது, இப்ப நடக்கிறது 200-301. ஆரும் வாங்கினால் முதல்ல அட்டையில அந்த நம்பரைப் பாருங்கோ.

பிறகு சிஸ்கோ பிரஸின்ர ரெண்டு வொலியூம் கைட்டை, 2024இல வந்த ரெண்டாம் பதிப்பா எடுத்தன். தலகாணி மாதிரி மொத்தம், வாசிக்க வாசிக்க நித்திரையும் வரும், ஆனா விளக்கம் திறம். சப்நெற்றிங், அதாவது ஒரு நெட்வேர்க்கைச் சின்னச் சின்னதாப் பிரிக்கிறது, எனக்கு கம்பஸில கடைசிவரை விளங்கேல்லை, இதில ஆறுதலாப் படிச்சாப் பிறகுதான் /26 அளவு நெட்வேர்க் எண்டால் 64 அட்ரஸ், அதில ஹோஸ்டுக்கு, அதாவது கொம்பியூட்டர் மாதிரிச் சாமான்களுக்கு, 62தான் எண்டு பேப்பர் பேனை இல்லாமலே சொல்ல வந்துது. ரவுட்டர்கள் வழி கண்டுபிடிக்கிற ஓஎஸ்பிஎஃப் பகுதியும் நல்லம். நெட்வேர்க் வேலையைத் தானா நடக்கச் செய்யிற ஓட்டோமேஷன் பகுதிதான் மேலோட்டமாப் போகுது, சோதினையில அதுக்கு 10 வீதம் எண்டபடியா பெரிசா கவலைப்படேல்லை.

வாசிப்பு மட்டும் காணாது கண்டியளோ. கொம்பியூட்டரிலயே நெட்வேர்க் கட்டிப் பழகிற சிஸ்கோ மென்பொருள் பக்கெற் ட்ரேசர் சும்மா கிடைக்குது, ஒவ்வொரு பாடத்துக்கும் விஎல்ஏஎன் (ஒரு சுவிச்சுக்க தனித்தனி நெட்வேர்க்), ஏசிஎல் (எதை விடுறது, எதை மறிக்கிறதெண்ட பட்டியல்) எல்லாம் கையால அடிச்சுப் பழகுங்கோ. சோதினைக்கு 120 நிமிசம், விட்ட கேள்விக்குத் திரும்பிப் போகேலாது, காசு 300 டொலர், அதால டம்ப்ஸ் (களவா வெளிய வந்த சோதினைக் கேள்விகள்) பாடமாக்கிற பெடியளின்ர கதையைக் கேட்டு அந்தக் காசைக் கடலுக்க போடாதேங்கோ. காசு இறுக்கமெண்டால் ரெண்டு பேர் சேந்து ஒரு செற் வாங்கலாம், நானும் மச்சானும் அப்பிடித்தான், ரெண்டாவது வொலியூம் இன்னும் அவனிட்டத்தான் கிடக்கு.