ஓட்டு வீட்டிலும் தார்சு வீட்டிலும்: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து டவர் ஸ்பீக்கர்

பாட்டுக் கேட்பதற்கென்று ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் சொல்லும்போது, அந்தப் பணத்துக்கு இங்கிலாந்திலும் டென்மார்க்கிலும் பேர் எடுத்த கம்பெனிகளின் சரக்கே கோயம்புத்தூரில் கிடைக்குமே என்று மனம் கணக்குப் போடத்தான் செய்யும். நானும் அந்தக் கணக்கோடுதான் போனேன். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கேரளத்துச் சித்தூர் தாலுகாவுக்குள் நுழைந்தால் கடைப் பலகைகள் மலையாளத்துக்கு மாறிவிடுகின்றன. கொழிஞ்சாம்பாறைச் சுற்றுவட்டாரத்தில் காதில் விழும் பேச்சு மட்டும் பெரும்பாலும் தமிழாகவே இருக்கிறது. அங்கே ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில், பெயர்ப் பலகை இல்லாத மரப் பட்டறையொன்றில், கதவு, நிலை, கட்டில் வேலைகளோடு இந்த ஸ்பீக்கர்களும் செய்யப்படுகின்றன. அப்பா ஆசாரி, மகன் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். பெட்டி அப்பாவின் பொறுப்பு, சுரங்களைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் சர்க்யூட்டும் அளவெடுப்பதும் மகனின் பொறுப்பு. விளம்பரம் என்று எதுவும் கிடையாது. வாங்கியவர் சொல்லிக் கேட்டு வருகிறவர்கள்தான் வாடிக்கையாளர்கள்.

ஸ்பீக்கர் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம், 22 சென்டிமீட்டர் அகலம், ஒவ்வொன்றும் 30 கிலோவுக்குக் குறையாது. கேரளத்து ஆசாரி செய்தது என்றதும் முழுத் தேக்கில் இழைத்த பெட்டியை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்குச் சிறிய ஏமாற்றம் காத்திருக்கிறது. பெட்டி 18 மில்லிமீட்டர் பிர்ச் ப்ளைவுட்டால் ஆனது. முன்பலகை மட்டும் இரண்டு அடுக்காக 36 மில்லிமீட்டர். மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய மரத்தோலான வெனீர்தான் தேக்கு. காரணத்தைப் பெரியவரே சொன்னார். முழு மரம் சித்திரை வெயிலில் சுருங்கும், பருவமழை இறங்கியதும் குறுக்குவாட்டில் உப்பும். கதவாக இருந்தால் ஓரத்தைச் சீவிவிடலாம், ஸ்பீக்கர் பெட்டியில் இணைப்பு விட்டுப்போனால் காற்றுக் கசிந்து பேஸ் எனும் கீழ்ச் சுர ஒலி முழுவதும் கெட்டுவிடும். ஒலிப் பொறியாளர் நெவில் தீலே 1961இல் எழுதி, ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் விரிவாக்கிய கணக்கின்படி, பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் காற்று வெளியேறும் குழாயான போர்ட்டின் நீளமும் கீழ்ச் சுரங்களைப் பாடும் வூஃபரின் தன்மையும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் கீழ்ச் சுரங்கள் ஒழுங்காக வரும். நிலம்பூரில் 1840களில் வெள்ளைக்காரன் தோட்டம் போட்டு வளர்த்த காலத்திலிருந்து தேக்கின் மீது நமக்கு இருக்கும் மோகம் வேறு விஷயம், அது கண்ணுக்கானது. காதுக்கு வேண்டியது அதிராத பெட்டி. பக்கவாட்டில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் உள்ளே குறுக்குச் சட்டங்கள் இறுகப் பிடித்திருப்பது தெரிகிறது. ஓசை எழுந்த இடத்திலேயே அடங்கிவிடுகிறது.

மேல் சுரங்களைப் பாடும் ட்வீட்டர் நார்வேயிலிருந்தும் வூஃபர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் வருகின்றன. ட்வீட்டர் 25 மில்லிமீட்டர் பட்டுத் துணிக் குவிமாடம். வூஃபர் ஆறரை அங்குலத்தில் இரண்டு. வூஃபரின் விளிம்பு ரப்பர் என்பதைக் குறித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய ஸ்பீக்கர்களின் ஸ்பாஞ்சு விளிம்பு நம் ஊர் ஈரத்தில் பத்துப் பதினைந்து வருடத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்ததைப் பலரும் பார்த்திருப்போம். மகன் பின்பக்கத் தட்டைக் கழற்றி கிராஸ்ஓவரைக் காட்டினார். மொத்தமான செம்புக் கம்பிச் சுருள்கள் ஒன்று படுத்தும் மற்றொன்று நிமிர்ந்தும் ஒட்டப்பட்டிருந்தன. ஒன்றின் காந்தப்புலம் மற்றொன்றில் ஏறாமல் இருக்க அப்படிச் செங்குத்தாக வைப்பது வழக்கம். சிக்னல் நேராகப் போகும் வழியில், நாள்பட்டால் காய்ந்துபோகும் எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஃபிலிம் வகை. வெளியில் தெரியாத இடத்தில் காசு மிச்சம் பிடிக்காதது எனக்குப் பிடித்தது.

இரண்டு வூஃபரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. மேலே இருப்பது 2,200 ஹெர்ட்ஸ் வரை பாடி, அதற்கு மேல் ட்வீட்டரிடம் ஒப்படைக்கிறது. கீழே இருப்பது சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் துணைக்கு வருகிறது. இந்த அகலமுள்ள பெட்டியில் ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்க ஒலி முன்னால் மட்டும் போகாமல் பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் பரவிவிடுவதால், முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கீழ்ச் சுரங்கள் மெலிந்து கேட்கும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இரண்டாவது வூஃபர். மெலிந்த ஸ்பீக்கரில் ஆண் குரல் தொண்டையிலிருந்து மட்டும் வருவதுபோல் கேட்பதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் அனுபவம்.

கேட்பதற்கு ஏற்பாடு செய்திருக்கும் இடம் பட்டறையை ஒட்டிய பழைய ஓட்டு வீட்டின் நடுக்கூடம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று பெயர்பெற்ற வெளிநாட்டு ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் அங்கே இருக்கிறது. பாட்டுப் போடுவதற்கு முன்னால் மகன் செய்த காரியம் எனக்கு நம்பிக்கை தந்தது. “மொதல்ல ரெண்டு ஜோடியையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டு வந்துரோணுங்க, இல்லீன்னா சத்தம் கூட இருக்கறதுதான் நல்லா இருக்கற மாதிரித் தெரியும்” என்று சொல்லி, இரைச்சல் சிக்னல் ஒன்றை ஓடவிட்டு, மீட்டரை நாற்காலியில் வைத்து இரண்டையும் சமப்படுத்தினார். ஒரு டெசிபெல் கூடினால்கூட நம் காது அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளாமல் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும். நகரத்துக் கடைகளில் விற்க வேண்டிய ஜோடியின் சத்தத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் ஏற்றி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை.

அடுத்தது, வேறெங்கும் நான் கேட்டிராத சோதனை. தோல் வாத்தியங்கள் செய்வதற்குப் பேர்பெற்ற பெருவெம்பு அங்கிருந்து தூரமில்லை. அங்கே செய்த மிருதங்கம் ஒன்று கூடத்தின் மூலையில் இருக்கிறது. அதே மிருதங்கத்தைத் தோப்பு வெளியில், சுவரின் எதிரொலி சேராமல், ஒரே மைக் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். இடக்கைப் பக்கமான தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பி, வலக்கைப் பக்கமான வலந்தலையைச் சுருதி சேர்த்து, மகன் நேரில் ஒரு நடை வாசிக்கிறார், உடனே பதிவு ஓடுகிறது, மறுபடியும் நேரில். இந்தச் சோதனையில் எந்த ஸ்பீக்கரும் முழுதாகத் தப்ப முடியாது. இந்த ஜோடி வலந்தலையின் மீட்டு, சாப்பு என்னும் அடிகளை ஏறக்குறைய அப்படியே கொடுத்தது. விரல் தோலைத் தொட்டு விடுபடும் அந்தக் கூர்மை மழுங்கவில்லை. தொப்பியில் மணிக்கட்டை அழுத்தித் தள்ளும் கும்கியில், சுரம் வழுக்கிக்கொண்டு ஏறுவதைக் கடைசி வரை பின்தொடர முடிந்தது. நேரில் கேட்கும்போது நெஞ்சில் படும் அந்த லேசான தள்ளல் மட்டும் குறைந்தது. வெளிநாட்டு ஜோடியில் தொப்பி இன்னும் பெரிதாகக் கேட்டது, ஆனால் எல்லா அடியும் ஒரே சுரமாக உருண்டது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் வளர்ந்த மண்ணில் இந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க ஆளிருக்காது.

குரலுக்குக் கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதனின் பழைய பதிவு ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். அவரும் பாலக்காட்டுப் பக்கத்து மஞ்சப்பிராவில் 1923இல் பிறந்தவர்தான். ஒரு கட்டைச் சுருதியில் ஆண் குரலின் மத்திய ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழான பஞ்சமம் 98. அவருடைய மந்தர சஞ்சாரம் அதற்கும் கீழே இறங்கி, அவசரமே இல்லாமல் அங்கேயே நின்றுகொண்டிருக்கும். பேஸை ஊதிப் பெருக்கும் ஸ்பீக்கரில் அந்தக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். இங்கே ஆரபி ராகத்தின் கீழ்ப்பகுதியில் சுரமும் கேட்டது, சுரத்துக்கு முன்னால் அவர் எடுக்கும் மூச்சும் கேட்டது. பதிவு மோனோ என்பது இன்னொரு வகையில் உதவியது. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சிக்னல் போகும்போது பாடகர் இரண்டுக்கும் நட்ட நடுவில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சில சுரங்களில் இடப்பக்கமும் சிலவற்றில் வலப்பக்கமும் நகர்ந்தால் ஜோடியின் இரண்டு பாதிகளும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். கையால் செய்யும் சரக்கில் நான் பயந்ததும் இதற்குத்தான். ராமநாதன் நகரவில்லை. ட்வீட்டர்களையும் கப்பாசிட்டர்களையும் அளந்து பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பதாக மகன் சொன்னது வெறும் பேச்சாகத் தெரியவில்லை.

நாதஸ்வரத்தில் ஒரு குறை வெளிப்பட்டது. ஊதும் நாணலான சீவாளியின் கரகரப்பு மிகுந்திருக்கும் இடமும் வூஃபர் ட்வீட்டருக்குக் கைமாற்றும் இடமும் அருகருகே இருப்பதால், நாற்காலியில் உட்கார்ந்து கேட்கும்போது சரியாக இருந்த ஒலி, எழுந்து நின்றால் சற்று உள்வாங்கியது. பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்தால் காது ட்வீட்டருக்குக் கீழே போய், அதே கதை. கச்சேரியைத் தரையில் சம்மணம் போட்டுக் கேட்கிற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. வெளிநாட்டு வடிவமைப்பாளருக்கு இது தோன்றாதது நியாயம், கொழிஞ்சாம்பாறைக்காரருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கேட்டதும் பின்னங்கால்களின் ஆணித் திருகை உயர்த்தி, பெட்டியை முன்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினார். பெரும்பகுதி சரியாயிற்று. இதைக் கேட்காமலே சொல்லித்தரலாம்.

எண்பதுகளின் திரைப்பாடல்களில் பேஸ் கிட்டார் தனி ஆளாக நடந்து போவதைக் கேட்பது இன்பமாக இருந்தது. இன்றைய குத்துப் பாட்டுகளைக் கல்யாண மண்டபச் சத்தத்தில் வைத்தால் வூஃபர் திணறுகிறது. அதற்காக இதை வாங்குகிறவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது.

இவ்வளவும் ஓட்டு வீட்டில். என் வீடு பொள்ளாச்சியில், 16 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம், மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். முன்பணம் வாங்கிக்கொண்டு ஜோடியை வீட்டுக்கு அனுப்பி, ஒரு வாரம் வைத்துக் கேட்டுவிட்டு முடிவு சொல்லச் சொன்னார்கள். இந்த ஒரு வசதிக்காகவே பட்டறையைப் பாராட்டலாம். ஓட்டுக் கூரையின் இடைவெளிகளிலும் மர மச்சிலும் கீழ்ச் சுரங்கள் கசிந்து வெளியே போய்விடுகின்றன, கான்கிரீட் கூரை போட்ட தார்சு வீட்டில் அவை போக வழியின்றிச் சுவருக்குச் சுவர் மோதித் திரும்புகின்றன. கணக்கு எளியது: ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகிறது, அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்த அறை எந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு முழங்கும் என்பது கிடைக்கும். என் அறைக்கு அது நீளவாக்கில் 35, அகலவாக்கில் 47, உயரவாக்கில் 57 ஹெர்ட்ஸ். பட்டறையில் சுரம் சுரமாகப் பிரிந்து கேட்ட கும்கி முதல் நாள் என் வீட்டில் வெறும் முழக்கமாகக் கேட்டது. பின்சுவரோடு ஒட்டியிருந்த சோபாவில் உட்கார்ந்ததும் ஒரு காரணம், ஏனென்றால் இந்த முழக்கங்கள் சுவரோரத்தில்தான் உச்சத்தில் இருக்கும்.

சோபாவை மூன்றடி முன்னால் இழுத்து, ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்து, உடன் கொடுத்திருந்த ஸ்பாஞ்சு உருளையைப் பின்பக்க போர்ட்டில் செருகியபின் நிலைமை மாறியது. போர்ட்டை அடைத்தால் மிகக் கீழான பேஸ் குறையும், ஆனால் அது செங்குத்தாக விழாமல் சரிவாக இறங்குவதால், அறை தன் பங்குக்குச் சேர்க்கும் முழக்கத்தோடு கிட்டத்தட்ட சமன் ஆகிறது. மூலைகளில் பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி நிறுத்தியது வீட்டில் சிறு சச்சரவைக் கிளப்பினாலும் பலன் தந்தது. கான்கிரீட் வீட்டில் இருப்பவர்கள் ஓட்டுக் கூடத்தில் கேட்டதை மட்டும் நம்பி முழுப் பணத்தையும் கட்டக் கூடாது என்பதே இந்த மதிப்புரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. பட்டறைக்காரர்களும் ஒரு தார்சு அறையைக் கேட்பதற்கென்று ஒதுக்கினால் வருகிறவர்களுக்குக் குழப்பம் குறையும்.

ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் கவனம் வேண்டும். இரண்டு 8 ஓம்ஸ் வூஃபர்கள் இணையாக வேலை செய்வதால், கீழ்ச் சுரங்களில் ஸ்பீக்கர் 4 ஓம்ஸ் பக்கமாக இறங்குகிறது. ஓம்ஸ் குறைந்தால் ஆம்ப் அதிக மின்னோட்டம் தர வேண்டும் என்பதால், ஹோம் தியேட்டர் ரிசீவர்களில் விலை குறைந்தவை இதில் சூடேறி அடிக்கடி அணைந்துவிடலாம். 4 ஓம்ஸுக்கு ஏற்றது என்று பின்தட்டில் அச்சிட்டிருக்கும் 50 வாட்ஸ் ஸ்டீரியோ ஆம்ப் ஒன்று என் அறைக்குத் தாராளமாகப் போதுமாக இருக்கிறது.

நான் வைத்துக்கொண்டேன். மாநில எல்லை தாண்டி 50,000 ரூபாய்க்கு மேலான சரக்கு வருவதற்கு இ-வே பில் வேண்டும், ஜி.எஸ்.டி. பில்லோடு அதையும் அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். பேக்கிங் தேங்காய் நார் மெத்தையும் மரச் சட்டமும்; ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. இரண்டு பேர் மட்டும் வேலை செய்யும் இடம் என்பதால் ஆர்டர் கொடுத்தபின் மூன்று மாதமாவது காத்திருக்க வேண்டும். ஆனியிலும் ஆடியிலும் மழை ஈரத்தில் வெனீர் ஒட்டவும் பாலிஷ் போடவும் பெரியவர் ஒப்புக்கொள்வதில்லை. மார்கழிக் கச்சேரி சீசனுக்கு முன் கையில் வேண்டுமென்றால், ஆவணி பிறந்தவுடனே போய்ச் சொல்லிவைத்துவிடுங்கள்.