ஆளில்லா வளாக மூலைக்கு உறுமியா, கொம்பாங்கா?

பினாங்கில் உள்ள யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மிண்டன் வளாகம் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ முகாம். அவ்வளவு பெரிய வளாகத்தில் மாலையில் ஆள் நடமாட்டமில்லாத மூலைகள் எப்படியும் இருக்கும். அங்கே வாரம் ஒருநாள் கூடித் தாள வாத்தியம் வாசிக்கலாம் என்றால் எதை எடுப்பது?

கூட்டம் சேர்ப்பதில் உறுமியை அடித்துக்கொள்ள ஆளில்லை. தைப்பூசத்தில் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் நின்றவர்களுக்குத் தெரியும், வளைந்த குச்சியைத் தோலில் தேய்க்கும் அந்த முனகலுக்குக் கால் தானாக ஆடும். ஆனால் அந்தத் தேய்ப்பு கைக்கு வர மாதக்கணக்காகும், அதனால் நாலு பேர் வாசிக்க, மற்றவர்கள் கைப்பேசியில் படம் எடுப்பதோடு முடிந்துவிடும். அப்புறம் சத்தம். தேர்வு நேரத்தில் விடுதிப் பக்கம் வைத்தால் முதல் நாளே புகார்தான்.

கொம்பாங் வேறு மாதிரி. மலாய்க் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பில் கேட்டிருப்பீர்கள். ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டும் ஒற்றைத் தோல் வாத்தியம். ஆளாளுக்குச் சின்னச் சின்னத் தட்டு, அவை ஒன்றோடொன்று பின்னினால்தான் முழுத் தாளம் என்பதால், இன்றைக்குப் புதிதாக வந்தவருக்கும் ஒரு வேலை இருக்கும், பக்கத்தில் இருப்பவரைக் கவனிக்காமல் வாசிக்கவும் முடியாது. ஈரத்தில் தோல் தொய்ந்தால் பிரம்பு வளையத்தைச் செருகி இறுக்கிக்கொள்ளலாம்.

என் ஓட்டு வாராவாரம் கொம்பாங்குக்கு, பொங்கல் விழாவுக்கு உறுமி. நூலகத்திலிருந்து தள்ளி, கூரையுள்ள இடமாகப் பாருங்கள். பக்கத்தில் தே தாரிக் (நுரை வர இழுத்து ஆற்றிய பால் தேநீர்) கிடைத்தால் ரொம்ப நல்லது.