போர்க்கால விமான மாடலுக்கு நிறம் தேடும்போது எந்தச் சான்றை நம்புவது?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்களுக்குப் பூசிய சாம்பல் நிறம் 'ஓஷன் கிரே'. அந்த ஒரே பெயரில் நான்கு கம்பெனிகளின் பெயின்டை வாங்கி, ஒரு பிளாஸ்டிக் துண்டில் பக்கத்தில் பக்கத்தில் பூசிப் பாருங்கள். நான்கும் நான்கு சாம்பலாக இருக்கும். ஒன்றில் நீலம் எட்டிப் பார்க்கும், இன்னொன்றில் பச்சை. ஆகவே பாட்டில் மேலுள்ள பெயரை ஒரு சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. அதை விட்டால் நம் கையில் இருப்பவை மூன்று: அந்தக் காலப் புகைப்படங்கள், அரசு ஆவணங்களும் வண்ண அட்டைகளும், மிஞ்சிய விமானங்கள். இவற்றில் எதை முதலில் நம்புவது என்பது எந்த நாட்டு விமானப்படை என்பதைப் பொறுத்து மாறும் என்பது என் கருத்து.

முதலில் கறுப்பு வெள்ளைப் படங்கள். எண்ணிக்கையில் இவைதான் அதிகம், ஆளை ஏமாற்றுவதிலும் இவைதான் முதலிடம். அன்று இரண்டு வகை ஃபிலிம் புழக்கத்தில் இருந்தது. ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதில் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாக விழும், மஞ்சளும் இருண்டுபோகும், நீலம் வெளுத்துவிடும். பான்குரோமாட்டிக் ஃபிலிம் எல்லா நிறங்களையும் பதியும். பிரிட்டிஷ் விமானத்தின் வட்டச் சின்னத்தைச் சுற்றியுள்ள மஞ்சள் வளையம் சில படங்களில் காணாமலே போவதற்கு ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம்தான் காரணம். எனவே ஒரு படத்தைப் பார்த்ததும் முதலில் அந்தச் சின்னத்தைப் பாருங்கள். நடுவிலுள்ள சிவப்பு நீலத்தைவிட நன்றாக இருண்டிருந்தால் அது ஆர்த்தோ. அப்படிப்பட்ட படத்தை வைத்து நிறத்தைத் தீர்மானிக்கவே கூடாது. ஆனால் உருமறைப்புப் பட்டைகள் எங்கே வளைகின்றன, விளிம்பு கூர்மையா மங்கலா, புகைக்கரி எதுவரை படிந்திருக்கிறது என்பதையெல்லாம் ஒரு குறிப்பிட்ட விமானத்துக்குச் சொல்ல இந்தப் படங்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

கலர் படங்களில் அமெரிக்க ஃபிலிமான கோடாகுரோமுக்கும் ஜெர்மன் ஃபிலிமான அக்ஃபாகலருக்கும் இடையே பெரிய வித்தியாசம் உண்டு. இருட்டில் பத்திரமாக வைத்த கோடாகுரோம் ஸ்லைடுகள் இன்றும் நிறம் மாறாமல் இருக்கின்றன. 1942-இல் ஆல்ஃபிரெட் பாமர் அமெரிக்காவின் இங்கிள்வுட் தொழிற்சாலையில் எடுத்த பி-25 குண்டுவீச்சு விமானப் படங்களைப் பாருங்கள், 'ஆலிவ் டிராப்' என்ற மங்கிய பழுப்புப் பச்சைப் பூச்சின் புதுப் பொலிவு அப்படியே தெரியும். அக்ஃபாகலர் சாயங்கள் அந்த அளவுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை, ஜெர்மன் விமானங்களின் கலர் படங்களை அதனால் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்க வேண்டும். கோடாகுரோமிலும் ஒரு சங்கடம்: திறந்த வானத்தின் நீல ஒளி விமானத்தின் மேற்பரப்பில் கலந்துவிடுகிறது. ஸ்கேன் செய்தவரின் கைவண்ணம் வேறு. அதனால் கணினித் திரையில் நிறத்தைத் தொட்டு எண்ணாக எடுக்கும் முறையை நான் ஏற்பதே இல்லை.

அடுத்தது ஆவணங்கள். பிரிட்டிஷ் விமானங்களுக்கு இவைதான் அசைக்க முடியாத அடித்தளம். வண்ணத்துக்கு நிர்ணயித்த தரம், பூசும் வடிவத்துக்கு வரைபடம், மாற்றம் வந்தால் அதற்குத் தேதி, எல்லாமே எழுத்தில் இருக்கிறது. 1941 ஆகஸ்டில் போர் விமானங்களின் 'டார்க் எர்த்' என்ற மண் பழுப்பு போய் ஓஷன் கிரே வந்தது. புதுப் பெயின்ட் கையில் கிடைக்காத படைப்பிரிவுகள் 'மீடியம் சீ கிரே' என்ற வெளிர் சாம்பல் ஏழு பங்குக்குக் கறுப்பு ஒரு பங்கு கலந்து பூசிக்கொள்ளலாம் என்பதுவரை குறிப்பு உண்டு. இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆவணம் நிறத்தைச் சொல்வதோடு, நிறம் ஏன் மாறுபடும் என்பதையும் சொல்லிவிடுகிறது. 1940 ஜூனில் விமானத்தின் அடிப்பகுதிக்கு 'ஸ்கை' என்ற வெளிர் பச்சை பூச உத்தரவு வந்தபோதும் இதே தட்டுப்பாடுதான். அந்தக் கோடைக்கால விமானங்களின் வயிற்றில் பல விதமான வெளிர் பச்சையும் நீலமும் இருந்ததற்கு அதுவே காரணம்.

ஜெர்மனிக்கு வாருங்கள், இதே வழி பாதியில் அறுந்துபோகும். அங்கே நிறங்களுக்கு அரசு எண் கொடுத்திருந்தது. 74, 75, 76 எண் நிறங்களுக்கு 1941-இன் அதிகாரபூர்வ வண்ண அட்டை இருக்கிறது, பிரச்சினை இல்லை. 81, 82 நிறங்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த 1944 கோடைக்காலச் சுற்றறிக்கையோ, வண்ண மாதிரி இப்போது கிடைக்காது என்றே சொல்கிறது. தொழிற்சாலைகள் தங்களுக்குக் கிடைத்ததைப் பூசின. போரின் கடைசி மாதங்களில் பச்சை கலந்து வெளுத்த அடிப்பகுதி நிறத்துக்குச் சிலர் '84' என்று எண் கொடுக்கிறார்கள், அது பின்னாளில் ஆய்வாளர்கள் வைத்த பெயர். இங்கே உடைந்த விமானத் துண்டுதான் ஆவணத்தைவிடப் பெரிய சாட்சி.

அமெரிக்க விமானங்களுக்கு எல்லோரும் அமெரிக்க அரசின் வண்ணத் தரப்பட்டியலான எஃப்.எஸ். 595-இன் எண்களைச் சொல்வார்கள். அந்தத் தரப்பட்டியல் வந்தது 1956-இல், போர் முடிந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு. நெருங்கிய இணையைத் தேட அது உதவும், அவ்வளவுதான்.

மிஞ்சிய விமானங்களில் எது மறுபூச்சு கண்டது, எது காணாதது என்பதே முதல் கேள்வி. பளபளப்பாகப் புதுப்பித்துக் காட்சிக்கு வைத்த விமானம், புதுப்பித்தவரின் முடிவைத்தான் காட்டும். ஸ்மித்சோனியனில் உள்ள 'ஃபிளாக் பெய்ட்' என்ற பி-26 குண்டுவீச்சு விமானம் அப்படியல்ல. 200-க்கும் மேற்பட்ட தாக்குதல்களில் பறந்த அது இன்றும் தன் பழைய பெயின்டோடு பாதுகாக்கப்படுகிறது. நார்வேயின் ஹோக்லிங்கன் ஏரியிலிருந்து 1973-இல் எடுத்த ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானத்தையும் லண்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் எடுத்த கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள். இதற்கு நேர்மாறு, எகிப்தின் பாலைவனத்தில் 2012-இல் கண்டுபிடித்த 'கிட்டிஹாக்' போர் விமானம். வெயிலும் மணலும் அதன் பூச்சை முன்பே தேய்த்துவிட்டிருந்தன. அப்புறம் எல் அலமைன் அருங்காட்சியகத்தில் அதன்மேல் புதுப் பெயின்ட் அடித்தார்கள். எஞ்சியிருந்த சான்றும் போயிற்று. நினைத்தால் மனம் வலிக்கிறது.

துண்டு கிடைத்தாலும் மேல்தோலை நம்பக் கூடாது. போரின் தொடக்கத்தில் பறந்த ஜப்பானின் ஜீரோ போர் விமானங்களின் பூச்சு வெயிலில் பொடிந்து வெள்ளைச் சாம்பலாகத் தெரியும், மேலே மெல்லத் தேய்த்தால் ஆலிவ் சாயல் கலந்த சாம்பல் வெளியே வரும். உலோகத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடம், சின்னத்துக்கு அடியில் மறைந்த இடம், இவைதான் அளவிடத் தகுந்தவை.

சரி, எதை எடுப்பது? பிரிட்டிஷ் என்றால் ஆவணம் முதலில், புகைப்படம் அடுத்தது. 1944-க்குப் பிந்தைய ஜெர்மன் என்றால் துண்டுகளும் அந்தத் தொழிற்சாலையின் படங்களும். ஜப்பான் என்றால் துண்டுகளே. அமெரிக்கா என்றால் கோடாகுரோமுக்கு என் ஓட்டு, ஏனென்றால் ஆலிவ் டிராப் வெயிலில் பழுப்பாக மாறும் வேகத்தை எந்த அட்டையும் காட்டாது. துணி போர்த்திய சுக்கானும் உலோக உடலும் வேறு வேறு விதமாக வெளுத்திருப்பதை ஒரே ஸ்லைடில் பார்க்கலாம். சிறிய அளவில் நிறம் கனத்துத் தெரியும் என்பதற்காக 1/72 (அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) மாடலில் சிலர் வெள்ளை சேர்ப்பார்கள். சேர்க்கலாம், ஆனால் சரியான நிறம் எது என்று முடிவான பிறகு, எல்லா நிறங்களிலும் ஒரே அளவில்.