பிரசவ விடுப்பும் டாக்ஸ் கிரெடிட்டும்: எதை மாற்றலாம், எதை விட்டு வைக்கலாம்?

அயர்லாந்தில் நம்மவர் வீட்டில் பிரசவ விடுப்பு பேச்சு வந்ததும், "உன் கிரெடிட்டை என் பேருக்கு மாத்திடலாமா?" என்று கணவர் கேட்டுவிடுவார். (டாக்ஸ் கிரெடிட் என்பது போட்ட வரியிலிருந்து அப்படியே கழியும் தொகை.) மாற்றலாம். ஆனால் லாபம் அவர் நினைக்கும் இடத்தில் இல்லை.

2025 கணக்கையே எடுத்துக்கொள்வோம். கணவர் சம்பளம் 60,000 யூரோ, மனைவிக்கு 45,000. மனைவி மார்ச் வரை வேலைக்குப் போனதில் 11,250. அப்புறம் 26 வாரம் அரசு தரும் மெட்டர்னிட்டி பெனிஃபிட், வாரத்துக்கு 289 வீதம் 7,514. கம்பெனி ஒரு காசும் சேர்த்துத் தரவில்லை. மிச்ச மாதங்கள் சம்பளமில்லாத விடுப்பு. மொத்தம் 18,764. பெனிஃபிட்டுக்கு வரி கிடையாது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2013 ஜூலை முதல் உண்டு. யூஎஸ்சியும் (வருமானத்தின் மீதான தனித் தீர்வை) பிஆர்எஸ்ஐயும் (சமூகக் காப்பீட்டுச் சந்தா)தான் கிடையாது.

முதல் வழி, செப்பரேட் ட்ரீட்மென்ட். கல்யாணமே ஆகாதவர்கள் போல ஆளுக்கு ஆள் தனிக்கணக்கு. மனைவிக்கு 20 சதவீத வரி 3,752.80, அவருடைய கிரெடிட் 4,000 (பர்சனல் 2,000, எம்ப்ளாயி 2,000). மீதி 247.20 வீணாகப் போகும். கணவருக்கு 44,000 வரை 20 சதவீதம், அதற்கு மேல் 40. கிரெடிட் போக 11,200 யூரோ வரி.

இரண்டாவது, ஜாயின்ட் அசெஸ்மென்ட். இருவர் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது. இங்கே கணவரின் 20 சதவீத வரம்பு 53,000 ஆகிறது. மனைவி பக்கம் 25,000க்கு மேல் வரம்பு சும்மா கிடந்தாலும் 9,000தான் இந்தப் பக்கம் வரும். கூடுதல் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். அந்த 9,000க்கு 1,800 மிச்சம், வீணாகவிருந்த 247.20ஐயும் சேர்த்தால் 2,047.20. இருவருக்குமாக வரி 9,152.80.

மூன்றாவது, செப்பரேட் அசெஸ்மென்ட். (பெயர் வைத்தவர் யாரோ, முதல் வழியோடு குழப்பிக்கொள்ளவென்றே வைத்திருக்கிறார்.) வருட முடிவில் மொத்த வரி ஜாயின்ட் கணக்கில் வரும் அதே தொகைதான். ஆனால் பயன்படாமல் மீதியான கிரெடிட்டும் வரம்பும் வருடம் முடிந்த பிறகே கைமாறும், அந்த வருடத்தின் மார்ச் 31க்குள் கேட்டிருக்கவும் வேண்டும். அவரவர் வரியை அவரவர் பார்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்குச் சரி; டயபருக்கு இப்போதே பணம் வேண்டுமென்றால் உதவாது.

என் ஓட்டு ஜாயின்டுக்குத்தான். ஆனால் கணவர் பேஸ்லிப்புக்கு வரம்பை மட்டும் மாற்றுங்கள், மனைவியின் கிரெடிட்டில் கை வைக்காதீர்கள். எம்ப்ளாயி கிரெடிட் 2,000ஐ எப்படியும் மாற்ற முடியாது. மாற்றக்கூடிய பர்சனல் கிரெடிட்டையும் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டால், ஜனவரி முதல் மார்ச் வரை அதை வைத்துக் குறைத்திருந்த வரி மனைவி தலையில் பாக்கியாக நிற்கும். பெனிஃபிட்டுக்கான வரியையும் ரெவன்யூ (அயர்லாந்து வரித்துறை) மனைவியின் கிரெடிட்டைக் குறைத்துத்தான் எடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால், வேலைக்குத் திரும்பியதும் வரும் முதல் பேஸ்லிப்பைப் பார்த்துத் தூக்கம் போய்விடும். அந்த 247 யூரோவை வருட முடிவில் ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கொள்ளலாம், அவசரமில்லை.

கணவர் சம்பளம் 44,000க்குக் கீழே என்றால் மிச்சமாவது அந்த 247 மட்டுமே. மனைவியின் கம்பெனி முழுச் சம்பளமும் தருகிறது, இருவரும் 44,000க்கு மேல் என்றால் அதுவும் இல்லை, இருக்கிறபடியே விட்டுவிடலாம்.